சனி சீட்டைப் பார்த்து அழுத பெண்! ஒரே படத்துக்கு 2 ஜோசியர், 2 பலன்

காலிக் கூண்டுடன் காத்திருக்கும் ஸ்ரீரங்கம் பெரியவர்

திருச்சி,

கிளி எடுத்துக் கொடுத்த சீட்டில் சனி பகவான் படம் வந்தது. அதைப் பார்த்துப் பயந்துபோய், கணவரின் ஆபரேஷனையே தள்ளிப்போட இருந்தார் ஒரு பெண். அதே படத்துக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு பெரியவர் வேறு பலன் சொன்னார். கணவரின் கால் தப்பியது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

விரலா? காலா?

அந்தப் பெண் அரியமங்கலம் பகுதியைச் சேர்ந்தவர். கணவர் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் தொழிலாளி. "பேரைப் போட்டுடாதீங்க தம்பி. சொந்தக்காரங்க சிரிப்பாங்க" என்று கேட்டுக்கொண்டார். போடவில்லை.

கணவருக்கு 10 வருடமாகச் சர்க்கரை வியாதி. வேலை நேரத்தில் காலில் ஆணி குத்தியிருக்கிறது. குத்தியதே தெரியவில்லை. சர்க்கரை முற்றினால் பாதத்து நரம்பு மரத்துவிடும். வலி தெரியாது. வலி தெரியாததுதான் ஆபத்து. செருப்பைக் கழற்றியபோது ரத்தம் இருந்ததால்தான் விஷயமே வெளியே வந்தது.

வீட்டு வைத்தியம் பார்த்தார்கள். புண் ஆறவில்லை. சுண்டுவிரல் கறுத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "இப்பவே விரலை எடுத்தாகணும். தள்ளிப்போட்டா மேல ஏறும். அப்புறம் பாதம், அப்புறம் முழங்கால். அதுக்கும் மேல போனா உயிருக்கே ஆபத்து" என்று சொல்லிவிட்டார்.

கணவர் சம்மதிக்கவில்லை. "மூட்டை தூக்கறவனுக்குக் கால்தான் முதல். விரலை எடுத்துட்டா எவன் வேலை கொடுப்பான்?" என்று மறுத்தார். கையெழுத்துப் போட வேண்டிய மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

வழியில் ஒரு கிளி ஜோசியர் கண்ணில் பட்டார். திருச்சி நகரில் ஒரு தெருமுனை. எந்தத் தெரு என்று எழுத வேண்டாம்.

காக்கை மேல் கறுப்புச் சாமி

"லட்சுமி... வெளியே வாம்மா... அக்கா பேருக்கு ஒரு நல்ல சீட்டு எடுத்துக் கொடும்மா..."

கூண்டுக் கதவு திறந்தது. கிளி தத்தித் தத்தி வந்தது. சீட்டுக்கட்டில் ஒவ்வொன்றாக மூக்கால் இழுத்துப் போட்டது. கடைசியில் ஒன்றை எடுத்து ஜோசியர் கையில் கொடுத்துவிட்டு, நெல்மணியை வாங்கிக்கொண்டு கூண்டுக்குள் போய்விட்டது.

சீட்டைப் பிரித்தார் ஜோசியர். காக்கை வாகனத்தில் சனி பகவான்!

"என்னக்கா இது... வீட்டுல யாருக்கோ உடம்பு சரியில்லையே?" என்று ஆரம்பித்தார். பெண் அழுதுவிட்டார். ஆணி குத்தியதில் இருந்து ஆபரேஷன் வரை எல்லாவற்றையும் அவரே சொல்லிவிட்டார்.

"ஒரு மண்டலம், 48 நாள், உடம்புல கத்தி படக்கூடாது. பட்டா உசுருக்கு உத்தரவாதம் இல்ல. தகடு எழுதி, பரிகாரம் பண்ணித் தர்றேன். 6 ஆயிரம் ஆகும்."

சீட்டு எடுத்ததற்கு 50 ரூபாய். பரிகாரத்துக்கு 6 ஆயிரம். பெண்ணிடம் பணம் இல்லை. காதில் தோடு இருந்தது. மறுநாள் காலை அடகு வைத்துப் பணம் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

காவிரியில் குளித்து, ரெங்கநாதரைக் கும்பிட்டுவிட்டு அடகுக் கடைக்குப் போகலாம் என்று நினைத்தார். விடியற்காலையில் சத்திரம் பஸ் நிலையம் வந்து ஸ்ரீரங்கம் பஸ்சைப் பிடித்தார். அம்மா மண்டபத்தில் இறங்கிக் குளித்தார். ஈரப்புடவையோடு திரும்பும்போது சாலையோரத்தில் இன்னொரு ஜோசியர் உட்கார்ந்திருந்தார்.

நாலாவது கை

எழுபதைத் தாண்டிய பெரியவர். முன்னால் சீட்டுக்கட்டு. பக்கத்தில் கூண்டு. கூண்டுக்குள் கிளி இல்லை.

கிளி இல்லாத கிளி ஜோசியரிடம் போய் என்ன கேட்பது? பெண் தயங்கினார். பிறகு, "தாத்தா... சனி படம் வந்தா சாவுதானா?" என்று நேராகவே கேட்டுவிட்டார்.

பெரியவர் சீட்டு எடுக்கச் சொல்லவில்லை. கட்டுக்குள் தேடித் தன்னிடம் இருந்த சனி படத்தை எடுத்தார். பெண்ணின் கையில் கொடுத்தார்.

"பயப்படாம பாரு தாயி. எத்தனை கை இருக்கு?"

"நாலு."

"கையில என்னென்ன இருக்கு?"

"வில்லு... அம்பு... சூலம்..."

"நாலாவது கையில?"

பெண் உற்றுப் பார்த்தார். நாலாவது கையில் எதுவும் இல்லை. உள்ளங்கை விரிந்து, வரம் கொடுப்பது போல் இருந்தது.

"மூணு கையைத்தான் உனக்குக் காட்டியிருக்காங்க. நாலாவது கையைக் காட்டல" என்றார் பெரியவர். என்ன நடந்தது என்று விசாரித்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னது இது:-

"சனிக்கு மந்தன்னு பேரு. மெதுவாப் போறவர். ஏன் மெதுவாப் போறார்? அவருக்குக் கால் ஊனம் தாயி. நொண்டிச் சாமி. நொண்டிக்கிட்டேதான் 12 ராசியையும் சுத்தி வர்றார். நின்னுட்டாரா? உன் வீட்டுக்காரருக்கு ஒரு விரல் போனா என்ன? இந்தச் சாமியைவிடவா அவருக்குக் கால் முக்கியம்? தோட்டைக் காதுலயே போட்டுக்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போ. இன்னிக்கே போ."

பெண் காசு கொடுக்கப் போனார். "சீட்டு எடுத்தாத்தான் காசு. நீ எடுக்கலியே" என்று மறுத்துவிட்டார் பெரியவர்.

அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சுண்டுவிரலை எடுத்தார்கள். பாதம் தப்பியது.

தொழில் ரகசியம்

இந்தக் கதையை அந்தப் பெண் சொல்லக் கேட்டு, பெரியவரைத் தேடிப் போனோம். அதே இடத்தில் அதே காலிக் கூண்டோடு உட்கார்ந்திருந்தார். முதலில் பேச மறுத்தார். "போலீஸ் நியூஸ் எழுதற தம்பிதானே நீ? என்னை வம்புல மாட்டிவிடாதே" என்றார். பெயர் போடமாட்டோம் என்று உறுதி கொடுத்த பிறகு டீ வாங்கிக்கொண்டார்.

கிளி எப்படிச் சரியான சீட்டை எடுக்கிறது என்று கேட்டோம். சிரித்தார்.

"கிளிக்கு என்ன தெரியும் தம்பி? சீட்டை இழுத்துப் போடும். எப்ப நெல்லைக் காட்டறோமோ, அப்பக் கையில இருக்கறதைக் கொடுத்துட்டு நெல்லை வாங்கிக்கும். அதுக்குப் பசி. அவ்வளவுதான்."

அப்படியானால் பலன்?

"படத்துல என்ன இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். எதிர்ல உக்காந்திருக்கவங்க மூஞ்சியில என்ன இருக்குன்னு பாக்கறதுதான் தொழில். கையில மருந்துச் சீட்டு வச்சிருக்கவங்ககிட்ட வீட்டுல யாருக்கு உடம்பு சரியில்லைன்னு கேக்க ஜோசியம் எதுக்கு?"

சீட்டுக்கட்டை ஒவ்வொன்றாகக் காட்டினார். 27 நட்சத்திரத்துக்குக் கணக்காக 27 சீட்டு வைப்பவர்கள் உண்டு. கூடக் குறைய வைப்பவர்களும் உண்டு. தாமரையில் மகாலட்சுமி, யானை நீர் ஊற்றுகிறது, கையில் இருந்து காசு கொட்டுகிறது. வேலோடு முருகன், பகை தீரும். குழந்தையோடு வேளாங்கண்ணி மாதா. பிறையோடு ஒரு பள்ளிவாசல். எந்த மதத்துக்காரர் வந்தாலும் அவருக்கு ஒரு படம் இருக்கிறது.

"எல்லாப் படத்துலயும் நல்லதும் இருக்கு, கெட்டதும் இருக்கு தம்பி. சனியைப் போலக் கொடுப்பாரும் இல்ல, கெடுப்பாரும் இல்லன்னு சும்மாவா சொன்னாங்க?"

பட்டாபிஷேகம் கெடுத்த குடும்பம்

கட்டிலேயே நல்ல சீட்டு எது என்று கேட்டோம். ராமர் பட்டாபிஷேகப் படத்தை எடுத்து வைத்தார். சொல்லும்போது முகம் மாறியது.

"நான் வாலிபமா இருந்தப்ப நடந்தது. ஒருத்தர் வந்தார். நிலத்தை வித்து ஏஜெண்டுகிட்டக் கட்டிட்டு வெளிநாடு போகலாமான்னு கேட்டார். பட்டாபிஷேகம் வந்துச்சு. மகுடமே வந்துருச்சு, தைரியமாப் போங்கன்னு சொன்னேன். போனார். ஏஜெண்ட் ஏமாத்திட்டான். நிலமும் போச்சு, பணமும் போச்சு. 2 வருஷம் கழிச்சு இதே ரோட்டுல அந்த மனுசனைப் பாத்தேன். என்னைத் திட்டல. ஒண்ணுமே பேசாமப் போயிட்டார். அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல."

அதற்குப் பிறகு பட்டாபிஷேகப் படம் வந்தால் அவர் பலன் சொல்லும் விதமே வேறு.

"மகுடம் வர்றதுக்கு முன்னால 14 வருஷம் வனவாசம் இருக்கு. அது படத்துல இல்ல. மகுடம் வந்த பிறகு என்ன ஆச்சு? விபீஷணருக்கு ராமர் ரெங்கநாதரையே தூக்கிக் கொடுத்தார். இலங்கைக்குக் கொண்டு போக முடிஞ்சுதா? இந்தக் காவிரிக் கரையில இறக்கி வச்சார். எடுக்க வரல. அதனாலதான் சாமி இன்னிக்கும் தெற்கே பாத்துப் படுத்திருக்கார். பட்டாபிஷேகம் வந்தா எல்லாம் கிடைச்சிரும்னு சொல்ல நான் யாரு?"

கிளி சொல்லிக் கண்ட கோவில்

ஸ்ரீரங்கத்தில் கிளியின் வார்த்தைக்குத் தனி மரியாதை உண்டு. தலபுராணம் அப்படி.

காவிரி வெள்ளத்தில் கோவில் மணலுக்குள் புதைந்துவிட்டதாம். காடு மூடிவிட்டதாம். பல காலம் கழித்து வேட்டைக்கு வந்த சோழ ராஜா ஒரு மரத்தடியில் களைப்பாறினாராம். மரத்தின் மேல் இருந்த கிளி, இந்த இடத்தில்தான் ரெங்கநாதர் கோவில் இருந்தது என்று சுலோகம் சொன்னதாம். ராஜா தோண்டிப் பார்த்துக் கோவிலைக் கண்டுபிடித்தாராம். அதனால் அவருக்குக் கிளிச்சோழன் என்று பெயர். கோவிலுக்குள் கிளி மண்டபம் இன்றும் இருக்கிறது.

ஆண்டாள் கையிலும் கிளிதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தக் கிளியைத் தினமும் பச்சை இலைகளால் புதிதாகச் செய்கிறார்கள். மூக்குக்கு மாதுளம்பூ. அந்த ஆண்டாள் வந்து கலந்தது இதே ரெங்கநாதரிடம்.

இப்படிப்பட்ட ஊரில், 1987-ல் கும்பாபிஷேகம் கண்ட 236 அடி ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வரும் வெளியூர்க்காரர், கிளி கொடுக்கும் சீட்டை நம்பாமல் என்ன செய்வார்?

வெள்ளைக்காரன் சீட்டு

நம்மூரில் மட்டும்தான் இந்தப் பைத்தியம் என்று நினைக்க வேண்டாம்.

மேல்நாட்டில் 'டாரட்' என்று ஒரு சீட்டுக்கட்டு உண்டு. மொத்தம் 78 சீட்டு. அதில் 22 பெரிய சீட்டு, 56 சின்னச் சீட்டு. 15-ம் நூற்றாண்டில் இத்தாலியில் இது வெறும் விளையாட்டுச் சீட்டாகத்தான் பிறந்தது. 18-ம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சில்தான் இதை வைத்து ஜோசியம் சொல்லும் வழக்கம் பரவியது. இன்று உலகமெங்கும் அதிகம் புழங்கும் கட்டு 1909-ல் லண்டனில் வெளிவந்தது. படம் வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண். இப்போது செல்போனிலேயே டாரட் பலன் பார்க்கிறார்கள்.

அந்தக் கட்டில் 13-ம் நம்பர் சீட்டின் பெயரே 'மரணம்'! கறுப்புக் கவசம் போட்ட எலும்புக்கூடு ஒன்று வெள்ளைக் குதிரையில் வருகிறது. காலடியில் ராஜா விழுந்து கிடக்கிறார். எதிரே மதகுரு நிற்கிறார். ஒரு பெண்ணும் குழந்தையும் மண்டியிட்டிருக்கிறார்கள். சீட்டு எடுத்தவர் நடுங்கிப் போவார்.

ஆனால் விவரம் தெரிந்தவர்கள் அந்தப் படத்தில் வேறு இரண்டு இடத்தைக் காட்டுவார்கள். எலும்புக்கூட்டின் கையில் உள்ள கொடியில் ஒரு வெள்ளை ரோஜா. பின்னால் தூரத்தில் இரண்டு கோபுரத்துக்கு நடுவே சூரியன். 'ஆள் சாவான் என்று அர்த்தம் இல்லை. ஒன்று முடிந்து இன்னொன்று ஆரம்பிக்கிறது என்று அர்த்தம்' என்று பலன் சொல்வார்கள்.

இதைப் பெரியவரிடம் சொன்னோம். கேட்டுவிட்டு, "அவங்க ஊருலயும் நாலாவது கை இருக்கு பாத்தியா?" என்றார்.

தோற்றுப்போன கிளிகள்

கிளி சொன்னதெல்லாம் பலித்ததா?

2010 உலகக் கோப்பை கால்பந்துப் போட்டியின்போது சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் மணி என்ற கிளி ஒரே நாளில் உலகப் புகழ் பெற்றது. ஜோசியர் முனியப்பனின் கிளி. கால் இறுதி ஆட்டங்களில் வெல்லும் அணிகளைச் சரியாக எடுத்தது. அரை இறுதியில் ஜெர்மனியை ஸ்பெயின் வெல்லும் என்றது. அதுவும் நடந்தது. இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்து ஜெயிக்கும் என்றது. ஜெயித்தது ஸ்பெயின்!

2024 நாடாளுமன்றத் தேர்தலில் கடலூர் தொகுதியில் பா.ம.க. வேட்பாளராக நின்றார் சினிமா டைரக்டர் தங்கர் பச்சான். பிரசாரத்தின்போது ஒரு கோவில் அருகே கிளி ஜோசியம் பார்த்தார். கிளி சாமி படம் எடுத்தது. 'வெற்றி நிச்சயம்' என்றார் ஜோசியர். காட்சி ஊரெல்லாம் பரவியது. வனத்துறை வந்தது. கிளிகளைப் பறிமுதல் செய்து ஜோசியரைக் கைது செய்தது. பிறகு விடுவித்தார்கள். பா.ம.க. தலைவர்கள் கண்டனம் தெரிவித்தார்கள். ஜூன் 4-ந்தேதி ஓட்டு எண்ணினார்கள். ஜெயித்தவர் காங்கிரஸ் வேட்பாளர் விஷ்ணு பிரசாத்!

சட்டம் என்ன சொல்கிறது?

பச்சைக்கிளியைப் பிடிப்பது, கூண்டில் வளர்ப்பது, விற்பது எல்லாமே குற்றம். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் நம் நாட்டுக் கிளிகள் இருக்கின்றன. சிறைத் தண்டனை உண்டு, அபராதமும் உண்டு. 2022-ல் சட்டத்தைத் திருத்தியபோது, பொதுவான குற்றங்களுக்கு 25 ஆயிரமாக இருந்த அபராத வரம்பை 1 லட்சம் ரூபாயாக உயர்த்திவிட்டார்கள்.

கிளி பறந்துவிடாமல் இருக்க இறக்கையை வெட்டுகிறார்கள். கூட்டம் கூட்டமாகப் பறக்க வேண்டிய பறவை, ஆயுள் முழுக்க ஒரு சாண் கூண்டில் தனியாகக் கிடக்கிறது. ஊருக்கெல்லாம் நல்ல காலம் சொல்லும் பறவைக்கு நல்ல காலமே கிடையாது.

கடலூர் செய்தியைப் பேப்பரில் படித்த பெரியவர், தன் கிளியை வனத்துறை ஆபீசில் ஒப்படைத்துவிட்டார்.

"12 வருஷம் என்கூட இருந்துச்சு தம்பி. அவங்க வாங்கிக்கிட்டப்ப என்னைத் திரும்பித் திரும்பிப் பாத்துச்சு. இறக்கையை வெட்டினவன் நான்தான். அந்தப் பாவத்துக்கு எந்தச் சீட்டுலயும் பரிகாரம் இல்ல."

இப்போது வருகிறவர்களே சீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். பாதிப் பேர் எடுக்காமலேயே போய்விடுகிறார்கள். "கிளி எடுத்தா விதி. தானே எடுத்தா வெறும் அட்டை" என்று சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பினார். நாங்கள் பேசிக்கொண்டிருந்த 2 மணி நேரத்தில் வந்தது ஒரே ஒரு ஆள். 50 ரூபாய்.

ஏமாறாதீர்கள்

தகடு கட்டினால் சர்க்கரை தீரும், பரிகாரம் செய்தால் புண் ஆறும் என்று விளம்பரம் செய்வது 1954-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தில் சர்க்கரை வியாதியின் பெயரே இருக்கிறது. வாயால் கூவி விளம்பரம் செய்தாலும் விளம்பரம்தான். ஏமாற்றிப் பணம் பறித்தால் மோசடி வழக்கு. முன்பு 420 என்றோமே, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் அதற்கு 318-வது பிரிவு. பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு வீட்டில் உட்காராமல் போலீஸ் நிலையத்துக்குப் போகலாம்.

அரியமங்கலத்தில் அந்தத் தொழிலாளியைப் பார்த்தோம். கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். மூட்டை தூக்க முடியாது. மண்டியில் கணக்கு எழுதும் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். "எட்டாவது படிச்சது இப்பத்தான் உதவப் போவுது" என்றார். மனைவி காதில் தோடு இருந்தது.

சனிக்கிழமை எள் விளக்கு ஏற்றுகிறீர்களா என்று கேட்டோம். "ஏத்தறேன். ஆனா டாக்டர் கொடுத்த மாத்திரையை முதல்ல குடுத்துட்டுத்தான் கோவிலுக்குப் போறேன்" என்றார்.

பெரியவரிடம் விடைபெறும்போது, கிளிதான் இல்லையே, கூண்டை எதற்குச் சுமந்துகொண்டு வருகிறீர்கள் என்று கேட்டோம்.

"கூண்டு இல்லாட்டி நான் ஜோசியர்னு யாருக்குத் தெரியும் தம்பி?" என்றார்.